அந்த பார் இல்ல, சைக்கிள் பார்

ஹலோ... ஹலோ, கேக்குதா?... நான்தான். தையல் மிஷினைக் கொஞ்சம் நிறுத்தேன்... ஆங். பதறாம கேளு. பார்ல கால் மாட்டி விழுந்துட்டேன்... ஐயோ, அந்த பார் இல்லம்மா! காலங்காத்தால எவன் தொறந்து வெச்சிருக்கான்? சைக்கிள் பார். சைக்கிள் கடையில இருக்கேன்... ஆமா... ஆமா, தனியாத்தான் வந்தேன்... ஞாயித்துக்கிழமை சேர்ந்து போலாம்னுதான் சொன்னே, யார் இல்லேன்னா?... இடுப்புக்கு ஒண்ணும் ஆகல. டாக்டர் வெச்ச மூட்டு வெச்ச இடத்துலயே இருக்கு. மானம்தான் கழண்டு விழுந்துடுச்சு.

சொல்றேன், சொல்றேன். குறுக்க பேசாத... அந்த ஹைப்ரிட் சைக்கிள்தான், ரோட்டுலயும் போகும், மண் பாதையிலயும் போகும்னேனே. கடைக்கார அம்மா மூணு விதமா எடுத்து நிறுத்தினாங்க. ஒண்ணுல பார் நேரா, உசரமா இருக்கு. இன்னொண்ணுல பார் பின்பக்கமா சரிஞ்சு இறங்குது. மூணாவதுல மேல் பாரே இல்ல, தாழ வளைஞ்சு கிடக்கு... அதேதான். நீ சொன்ன அதே மாடல்தான். இடுப்பு ஆபரேஷன் ஆனவங்களுக்கு இதுதான் சுலபம் சார்னு அந்தம்மாவும் சொன்னாங்க. நான் கேப்பேனா? "முப்பது வருஷம் டிரில் மாஸ்டரா இருந்தவன்மா. பசங்களை மரக்குதிரை தாண்ட வெச்சவன். எனக்குப் போய் லேடீஸ் சைக்கிளா?"ன்னு சட்டைக் கையை மடிச்சு விட்டேன்...

சிரிக்காத. இன்னும் விழவே இல்ல, அதுக்குள்ள சிரிக்கறே.

காலைத் தூக்கினேன். பாதி தூரம் போச்சு, அங்கேயே நின்னுடுச்சு. மேலயும் போகல, கீழயும் வரல. கொக்கு மாதிரி ஒத்தைக் கால்ல நிக்கறேன். யாராவது பாக்கறாங்களான்னு திரும்பினேன் பாரு... சைக்கிளோட சாஞ்சு, பக்கத்துல வரிசையா நின்னதெல்லாம் சரசரன்னு... ஆமா... ஆமா, எல்லாமே. கடைசியா ஒரு குழந்தை சைக்கிள், அது விழுந்தப்புறமும் பெல் அடிச்சுது... ஒடையல, ஒடையல. அந்தம்மா பெரிய மனசு. தண்ணி குடுத்து உக்கார வெச்சாங்க.

என்ன?... சரிஞ்ச பாரா? ஏன் கேக்கறே! அதுல ஏறிட்டேன்மா. இறங்கத்தான் முடியல. மீட்டர் பாக்க வந்த கரண்ட்காரர் ஒரு பக்கம், அந்தம்மா ஒரு பக்கம், மூட்டை இறக்கற மாதிரி இறக்கினாங்க...

இல்ல... இல்ல, வெறும் வீம்பு இல்ல. எப்படிச் சொல்றது... எட்டு மாசமா வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் நடந்துட்டிருக்கேன். வெளிய கிளம்பற மொத நாளாவது பழைய ஆளா கிளம்பணும்னு ஒரு ஆசை. அவ்வளவுதான்... ம்... ம்... என்னது, பழைய ஆளு உனக்கு வேண்டாமா?... விசிலடிச்சா உன்னைக் கூப்பிட்டேன்? கட்டின பொண்டாட்டியையா, வீட்டுக்குள்ளயா?... சரி, சரி. கூப்பிட்டிருப்பேன்.

இரு. ஒரு சுத்து ஓட்டிப் பாருங்கன்னு அந்தம்மா தாழ்ந்ததைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டாங்க. ஸ்பீக்கரைப் போட்டு உன்னைச் சட்டைப் பையில வெக்கறேன்... கால் வெச்சாச்சு. அட! வாசப்படி தாண்டற மாதிரி இருக்கும்மா! உக்காந்தாச்சு... ரெண்டு காலும் தரையில படுது... படுது, படுது. கத்தாத, தெருவுக்கே கேக்குது... கிளம்பிட்டேன்.

மிதிக்கறேன்... வலிக்கல... நிஜமா வலிக்கல... என்ன கலரா? அதை மட்டும் கேக்காத... ரோஸ். இந்த மாடல்ல அது ஒண்ணுதான் பாக்கி... சிரி, நல்லா சிரி. பக்கத்து மிஷின்காரிக்கும் சொல்லு...

ஹலோ?... இருக்கியா? ஏன் சத்தத்தையே காணோம்?... அழறியா?... ஏய். ரோஸ் சைக்கிளுக்கெல்லாமா அழுவாங்க?... எனக்கு ஒண்ணும் இல்ல, கண்ணுல காத்து அடிக்குது... சரி, வெச்சிடு. முன்னாடி மேடு. பேசிக்கிட்டே ஏற மூச்சு பத்தாது... வெக்க மாட்டியா?... சரி, அப்ப கேட்டுக்கிட்டே இரு... ஹா... இறங்கித் தள்ள மாட்டேன்... ஹா... இன்னும் கொஞ்சம்தான்... ஏறிட்டேன்! ஏறிட்டேன்மா, கேட்டுச்சா?... ஹலோ?... ஹலோ?...

அடச்சே. இப்ப பாத்தா கட் ஆகணும்?