மறக்காத மீட்டர்

ஹலோ… ஹலோ… ஏட்டி விஜி, கத்தாத! காது அடைக்குது… யாரு டூப்பு? உங்க அத்தான் கடைச் சார்ஜரா டூப்பு?… ஏட்டி, வாய அளந்து பேசு. கோயில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பதினோரு வருசமா செல்போன் கடை வச்சிருக்க மனுசன், சொந்தக் கொழுந்தியாளுக்கா டூப்பு குடுப்பாரு?… நீ மட்டும் கத்துவ, நான் கத்தக் கூடாதா? நான் உனக்கு மூத்தவ, ஞாபகம் இருக்கட்டும்!

…யாரு சொன்னா? உம் வீட்டுக்காரரா? அவரு எப்ப எஞ்சினியரு ஆனாரு?… என்னது, மீட்டரா?… சார்ஜருக்கும் வயருக்கும் நடுவுல செருகுறது, கட்டவிரல் தண்டி இருக்கும், நம்பரு ஓடும், அதுதான?… ஆமா, ஆமா, யு.எஸ்.பி. மீட்டரு. தெரியும்… முப்பத்துமூணு வாட் சார்ஜர்ல ஆறு வாட்தான் வருதாக்கும்… சரி… சரிட்டி. ஒண்ணே ஒண்ணு கேக்குதேன். அளக்கும்போது போன்ல சார்ஜ் எவ்வளவு இருந்துச்சி?… தொண்ணூத்தி நாலா!

அடி கோட்டிக்காரி! பந்தியில வயிறு முட்டத் தின்னவனுக்கு இன்னொரு இலை போட்டா எவ்வளவு திம்பான்? போனு நிறைய நிறைய இழுக்கதைக் குறைச்சிக்கிடும். அதுக்குச் சார்ஜர் என்ன செய்யும்? இருபதுக்குக் கீழ இறங்கட்டும், பொறவு அளந்து பாரு… வயரு எந்த வயரு?… டி.வி. மேசைக்குப் பின்னால கிடந்ததா? வெளங்குனாப்லதான். அதே சார்ஜர், அதே போனு, வயரை மட்டும் மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கணும். எது தூங்குமூஞ்சின்னு தன்னால தெரியும்…

எனக்கு எப்படித் தெரியுமா? சோறு போடும்போதெல்லாம் உங்க அத்தான் வேற என்னத்தப் பேசுதாவ? ஊறுகாய்க்குப் பதிலா இதத்தான் தொட்டுக்கிடுதோம்.

சரி, அத விடு. மீட்டரு என்ன மாதிரி? புடுங்குனா மறந்துருமா, இல்ல மொத்தமா எவ்வளவு ஏறுச்சின்னு கூட்டிக்கிட்டே போகுமா?… கூட்டிக்கிட்டே போகுதா? ஏட்டி, முதல்ல அதக் கழட்டு! சார்ஜர் சோதிக்கத்தான? இப்ப எத்தன வோல்ட், எத்தன ஆம்பியர்னு காட்டிட்டு மறந்துபோற மீட்டர் போதும். குடும்பம் நடத்துற வீட்டுக்கு மறக்காத மீட்டர் ஆகாது… சிரிக்காத. எதுத்த வீட்டுல நடந்தத உனக்கு யாரும் சொல்லலியா?… நீ பொங்கலுக்கு வந்துட்டுப் போன பொறவுதான். இரு, கதவச் சாத்திக்கிடுதேன். அத்தான் உள்ள சாப்பிடுதாவ…

வெள்ளைத்தாய் வீட்டுக்காரரு கண்ணபிரான் அண்ணாச்சி, தீப்பெட்டி லோடு லாரி ஓட்டுதாருல்லா… ஆமா, அந்த மீசைக்காரருதான். போன் சார்ஜ் ஏறல ஏறலன்னு போற ஊர்ல எல்லாம் வயரு வாங்கி, வீட்டுல ஒரு கூடை நிறைய வயரு. எது நல்லது, எது சவம்னு தெரியல. கடைக்கு வந்தாரு. அத்தான் ரெண்டு மீட்டரை எடுத்து வச்சாவ. 'அண்ணாச்சி, இது அந்தந்த நேரத்து நம்பரைக் காட்டிட்டு மறந்துரும். அது மறக்காது, இந்தப் பட்டனை அஞ்சு நொடி அமுக்குனாத்தான் பூஜ்யமாகும்'னாவ. அண்ணாச்சி எத எடுப்பாரு? எதுல நம்பரு கூட ஓடுதோ அதத்தான்… ஆம்பளையாளுகல்லா.

வயரு பூராவும் அளந்தாரு. பாதியத் தூக்கி வீசுனாரு. பட்டனை அமுக்கிப் பூஜ்யமாக்கி, மீட்டரை மக ஆனந்தி ரூம்புச் சார்ஜர்ல செருகுனமேனிக்கு விட்டுட்டு லோடு ஏத்திப் போயிட்டாரு… ஆமா, காலேஜு ரெண்டாவது வருசம் படிக்காளே, அவதான்.

மறுநாளு வெள்ளைத்தாய் ரூம்பத் தூத்துப் பெருக்கப் போனவ அந்த நம்பரைப் பாத்திருக்கா. நேரா இங்கன வந்துட்டா. 'சுந்தரேஸ்வரி மதினி, ஒரு தடவ போன் நிறைய ஏறுனா அதுல எவ்வளவு காட்டும்?'னா. நான் அத்தான்ட்ட கேட்டு, ஆனந்தி போனுக்கு இருபத்திரெண்டு வாட் அவர்னு சொன்னேன். 'ஒரே நாள்ல முப்பத்தஞ்சு காட்டுதே'ன்னா…

நானா? நான் ஒண்ணுமே சொல்லலட்டி! 'இங்க ஒருத்தி ஒண்ணரை தடவ போனை நிறைச்சுப் பேசுதான்னா, அங்கன ஒருத்தன் ஒண்ணரை தடவ நிறைச்சிருப்பான்லா'ன்னு ஒரு கேள்விதான் கேட்டேன்… கேக்கக் கூடாதா?

அவ்வளவுதான். போனைப் புடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டா… அந்தப் புள்ளயா? 'நான் யார்ட்டயும் பேசலம்மா'ன்னு ஒரு வார்த்த. பொறவு வாயத் திறக்கல. சரி, அடுத்த நாளு மீட்டரைப் பாத்தா… கேளு… பதிமூணு கூடியிருக்கு! போன் பீரோவுக்குள்ள, சாவி வெள்ளைத்தாய் இடுப்புல… அதேதான்! 'அப்ப ரெண்டாவது போன் வச்சிருக்கா'ன்னா… நான் சொல்லலட்டி, அவதான் சொன்னா. நான் 'இருக்கும்'னேன்.

அன்னைக்குச் சாயங்காலம் அண்ணாச்சி வந்து எறங்குனாரு. ஒரே ரகளை. ரூம்பக் கவுத்துத் தேடுனாவ, போன் கிடைக்கல. 'திங்கக்கிழமையில இருந்து காலேஜும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நாகலாபுரத்துல மாமன் மகன் இருக்கான், பேசி முடிச்சிருவோம்'னு நிக்காரு… நான் எங்கயா? நான் கோலமாவு வாங்கப் போயிருந்தேன். அவிய வீட்டுலதான்.

அந்த வீட்டுல இசக்கிசெல்வி இருந்தால்லா… அண்ணாச்சி தங்கச்சி, கடலமிட்டாய்க் கம்பெனியில பாக்கெட் போடுதவ… ஆமா, முப்பத்தாறு முடிஞ்சிட்டு. பெத்த அம்மை படுக்கையில கிடந்த எட்டு வருசமும் பீயள்ளி மூத்திரமள்ளிப் பாத்தவ. அம்மை போன பொறவு, இவளுக்கு ஒரு மாப்பிள்ளை பாக்கணுமேன்னு அந்த வீட்டுல ஒருத்தருக்கும் தோணல. அவ அங்கன ஓரமா உக்காந்து உளுந்து புடைச்சிக்கிட்டு இருக்கா. 'காலேஜ் கிடையாது'ன்னதும் சொளகு நின்னுபோச்சி. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். ஆனந்தியப் பாக்கா, அண்ணனப் பாக்கா. சொன்னா இவ மானம் போகும், சொல்லலன்னா அந்தப் புள்ள படிப்பு போகும். எந்திரிச்சா. அடுப்படிக்குப் போனா. உளுந்து டப்பாவுக்குள்ள முழங்கை வர கையவிட்டு ஒரு சின்னப் போன எடுத்தா. முந்தானையில தொடச்சி அண்ணன் முன்னால வச்சா.

'அண்ணே, அந்தப் பதிமூணு என்னுது'ன்னா.

…ஹலோ, இருக்கியா?… நானா? வாங்குன கோலமாவ அங்கனயே வச்சிட்டு வந்துட்டேன்.

…யாரா? மணியாச்சி ரயில்வே ஸ்டேஷன்ல வேல பாக்காரு, பூவனலிங்கம்னு பேரு. பொஞ்சாதி போயி ஆறு வருசமாம். ஒண்ணரை வருசமா வாரத்துக்கு ரெண்டு தடவ ரயிலேறி வந்து கம்பெனியில கடலமிட்டாய் வாங்கிட்டுப் போவாராம். சர்க்கர வியாதிக்காரரு!… ஆமாட்டி, மாத்திர போடுதாரு! வாங்குனத பூராவும் போர்ட்டருக்கும் கார்டுக்கும் குடுத்திருக்காரு. அவரு பழைய போனுதான் அது. ஆனந்தி டைப்ரைட்டிங் போற நேரம், வெள்ளைத்தாய் சீரியல் பாக்கிற நேரம், இவ சத்தங்காட்டாம அந்த ரூம்புச் சார்ஜர்லயே ஏத்திக்கிடுவாளாம். மீட்டரு எண்ணிக்கிட்டே இருக்குன்னு பாவம் அவளுக்கு என்ன தெரியும்?

இன்னொண்ணு கேளு. அந்த ஆனந்திக்கு ஒரு மாசமா எல்லாம் தெரியுமாம்!… ஆமா! தெரிஞ்சும் ரெண்டு நாளு ஏச்சு வாங்கியிருக்கா. 'ஏன்டி சொல்லல?'ன்னு கேட்டா, 'நீங்க என்னையத்தான கேட்டீங்க, அத்தைய யாரும் கேக்கலையே'ன்னாளாம். குசும்பப் பாரு.

…அண்ணாச்சியா? மூணு நாளு வீட்டுல கை நனைக்கல. நாலாம் நாளு லாரிய எடுத்துக்கிட்டு மணியாச்சிக்குப் போயிட்டாரு… அடிக்கத்தான் போறாருன்னு நானும் நெனச்சேன். ரெண்டு டீ குடிச்சிட்டு, முகூர்த்தம் பேசிட்டு வாராரு! வைகாசியில கழுகுமலைக் கோயில்ல தாலி கட்டியாச்சி… ஆமா, ஆனந்தி காலேஜ் போறா, போகாம? கல்யாணத்துல என்னையத்தான் ஒருத்தரும் பந்திக்குக் கூப்பிடல. நானே போயி உக்காந்துக்கிட்டேன்.

மணியாச்சி குவார்ட்டர்ஸுக்குக் குடிபோற அன்னைக்கு, கட்டில் பீரோ எல்லாம் வண்டியில ஏத்தியாச்சி. 'வேற என்னம்மா வேணும்?'னு அண்ணாச்சி கேக்காரு. அவ நேரா ஆனந்தி ரூம்புக்குள்ள போயி, அந்த மீட்டரப் புடுங்கி முந்தியில முடிஞ்சிக்கிட்டா… எதுக்கா? அவரு சார்ஜர்லதான் செருகி வச்சிருக்கா!

இரு, கதை இன்னும் முடியல. நீ கூப்பிடதுக்குச் செத்த நேரம் முன்ன அத்தானுக்கு ஒரு போனு. சோத்துல கைய வச்சிட்டாவன்னு நான்தான் எடுத்தேன். பூவனலிங்கந்தான். கொரல அப்படித் தாழ்த்தி, 'கடைக்கார அண்ணாச்சி இருக்காவளா? அந்த மீட்டர்ல பூஜ்யமாக்குற பட்டன் எதுன்னு கேக்கணும்'ங்காரு… சத்தியமாட்டி!

…என்ன சொன்னேனா? 'அந்த மாடல்ல அப்படிப் பட்டனே கிடையாதுங்க'ன்னுட்டேன்… அதுல என்ன பாவம்?… சரி சரி, நீ இருபதுக்குக் கீழ இறங்குனதும் அளந்துட்டு, அத்தான்ட்ட மன்னிப்புக் கேளு. இப்ப வை… அவசரந்தான்! இசக்கிசெல்வி நம்பரத் தேடிக்கிட்டு இருக்கும்போதுதான நீ குறுக்க வந்த. அந்த மனுசன் டூட்டி முடிஞ்சி வீடு போய்ச் சேரதுக்குள்ள நான் அவளப் புடிக்கணும்… வைட்டி!