அவரே எரித்த படம்

என் மகள் வரைந்த ஓவியங்கள் எல்லாவற்றையும் நான் எரித்தேன். அவளைப் பெண் பார்க்க வருபவர்கள் அந்த நிர்வாண உருவங்களைக் கண்டுவிடக் கூடாது என்று, கனடாவில் எங்கள் ஸ்காபரோ வீட்டின் பின்வளவில், பார்பிகியூ அடுப்பில் போட்டு எரித்தேன். பேஸ்மென்டில் வெள்ளம் வந்து அவை நாசமாகிவிட்டன என்று அவளிடம் சொன்னேன். இருபது வருடங்களாக அந்தப் பொய்யை மாற்றவில்லை.

போன சனிக்கிழமை சப்வே ரயிலில் எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். ஸ்பெயினைச் சேர்ந்த ஒரு கத்தலோனிய ஓவியரின் முதுமைக்காலப் படைப்புகளை அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஓட்டை விழுந்த படம் என்ன பிள்ளை? எங்கயும் நெருப்புப் பிடிச்சதோ?"

"இல்லையம்மா, அவரே எரிச்சவர். பெற்றோல் ஊத்தி. எண்பது வயசில."

"தான் கீறின படத்தையோ? விசரே அந்தாளுக்கு?"

"அவற்ர ஆர்ட் தானே அம்மா. அவர் என்னவும் செய்யலாம்."

"ஓம், கீறினவர் எரிக்கலாம். வேற ஆரும் எரிச்சிருந்தா கையை எல்லோ முறிக்க வேணும்."

இருவரும் சிரித்தார்கள். எனக்கு இறங்க வேண்டிய நிலையம் கடந்து போனதும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளைப் போனில் அழைத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும் அப்பா" என்றாள். "அடுத்த நாளே அடுப்புச் சாம்பலுக்குள்ள படச்சட்டங்களின்ர ஆணியள் கிடந்தது. பொறுக்கி வச்சிருக்கிறன். நீங்கள் எப்ப சொல்லுவியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்."

பிறகு போனை வைத்துவிட்டாள். அதன்பின் நான் எடுத்த அழைப்பு எதற்கும் அவள் பதில் சொல்லவில்லை.