விபத்தில்லா முந்நூற்று அறுபத்து நான்கு நாட்கள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும், ஐயா. ஆலை வாசல் பலகையில் எண் எழுதும் வேலை அதனால்தான் என் தலையில் விழுந்தது. ‘விபத்தில்லா நாட்கள்’ என்பது பெயின்ட்டில் இருக்கும். எண்ணைத் தினமும் காலையில் சாக்பீஸால் மாற்றுவேன்.

மற்றபடி நான் கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டர். சூரிய மின்சாரத்தால் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறோம். வெயில் இருக்கும்வரை இரண்டும் தனித்தனிக் குழாயில் சமர்த்தாகப் போகும். மேகம் மறைத்து மின்சாரம் குறைந்தால், ஹைட்ரஜன் பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும். ஆக்சிஜனில் அது இரண்டு சதவீதத்தைத் தொட்டால் மணி அடித்து, கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்து, இயந்திரம் தானாக நின்றுவிடும். நாலைத் தாண்டினால் வெடிக்க ஒரு பொறி போதும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் மணி அடித்தாலே அது விபத்து என்று மேனேஜர் விதி போட்டிருந்தார். ஒவ்வொரு மேகத்துக்கும் நான் பூஜ்யம் எழுதினேன். பதினோரு நாளைத் தாண்டியதே இல்லை. கேன்டீனில் என்னை ‘சைபர்’ என்று கூப்பிட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு நாள் விரல் நீள ஒயர் ஒன்றைச் செருகி மணியை ஊமையாக்கினேன். இயந்திரம் நிற்கவில்லை; விளக்கு எப்போதும் பச்சை. உண்மையான அளவு என் திரையில் மட்டும் தெரியும்.

எண் ஏறிக்கொண்டே போனது. மேனேஜர் தோளில் தட்டினார். முந்நூற்று அறுபத்தைந்தாம் நாள் கேடயம் தருவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள் மதியம் மேகம் கூடியது. திரையில் நாலரை. அப்போது ஃபிட்டர் வாக்கி டாக்கியில் கூப்பிட்டார். அவர் என் தங்கையின் கணவர். வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

“மச்சான், ஆக்சிஜன் குழாயில போல்ட் இறுகிப்போச்சு. கிரைண்டர் வச்சு அறுக்கணும். விளக்கு பச்சையாத்தான் இருக்கு. இருந்தாலும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்.”

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். காரணம் சொன்னால் பதிவேட்டில் ஏறும். மேகம் எப்படியும் விலகிவிடும் என்று கொஞ்சம் பொறுத்தேன். திரையில் நாலு புள்ளி ஏழு.

“தாராளமா அறுங்க மாப்ள,” என்றேன்.

வெடித்ததில் என் அறையில் ஜன்னல் கண்ணாடிகள் மட்டும் போயின. வெளியே ஓடுவதற்கு முன் ஒயரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மணி அடித்தது. அது ஒழுங்காக வேலை செய்ததாகத்தான் அறிக்கையிலும் இருக்கிறது.

ஆஸ்பத்திரிப் பிணவறை வராந்தாவில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணா, அவர் உன்னைக் கேட்டுட்டுத்தானே அறுத்தாரு?”

கேட்கவில்லை என்றேன். மணி அடித்தும் அவர் பாட்டுக்கு அறுத்துவிட்டார் என்றேன்.

“எத்தனை தடவை சொல்லியிருக்கேன், அண்ணனைக் கேக்காம எதையும் செய்யாதீங்கன்னு,” என்று அவரைத் திட்டித் திட்டி அழுதாள்.

புருஷன் மேல் கோபம் இருந்தால் துக்கம் சீக்கிரம் ஆறும் அல்லவா? அண்ணன் என்று ஒருவன் வேறு எதற்கு இருக்கிறான், ஐயா.