வைச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொன்னது

ஒரு எழுத்துத் தம்பி! ஒரேயொரு எழுத்து! அதுக்காக ஒருத்தி இன்னொருத்தியின்ரை புருசனை எடுத்துத் தன்ரை வீட்டுக்கை வைச்சுக்கொள்ளுறதே? நீங்களே சொல்லுங்கோ, எந்த ஊரிலை நடக்கும் இது?

இல்லை, சிரிக்காதேங்கோ. கொஞ்சம் தள்ளி இருங்கோ, இந்தப் பையை இதிலை வைக்கிறன்... போன் கதைச்சு முடிஞ்சுதுதானே? நான் ஒட்டுக் கேக்கேல்லை. பஸ்சின்ரை மேல்தட்டிலை இருந்து உவ்வளவு சத்தமா மராட்டி கதைச்சால் ஆருக்கும் கேக்கும். பிறகு கடைசியிலை 'சரிம்மா, வச்சிடறேன்' எண்டு தமிழிலை சொன்னீங்கள் பாருங்கோ, எனக்கு உயிர் வந்தது. கடவுளே எண்டு எழும்பி வந்து பக்கத்திலை இருந்திட்டன். பம்பாய்த் தமிழரோ? ஓ... மாதுங்காவோ. பேர்? கல்யாணசுந்தரம். நல்ல நீளமான பேர். நான் நீலவேணி. மோர்டனிலை இருக்கிறன். பஸ் இப்ப அசையப்போறேல்லை, கீழை பாருங்கோ, திரும்பவும் ரோட்டைக் கிண்டுறாங்கள். போன மாசம் கிண்டி மூடினவங்கள். வடிவா மூடினமோ எண்டு பாக்கக் கிண்டுறாங்கள் போலை.

எனக்கு ஒரு உதவி தம்பி. ஒரு வசனம். மராட்டியிலை, ஆனால் தமிழ் எழுத்திலை எழுதித் தாங்கோ. 'என்ரை மனுசனைத் திருப்பித் தாங்கோ.' அவ்வளவுதான்! பிறகு நான் உங்களைக் கரைச்சல்படுத்தமாட்டன்.

பொலிசோ? ஐயோ, பொலிசுக்கு என்னெண்டு சொல்லுறது? மனுசன் பக்கத்து வீட்டிலை கரம்போர்ட் விளையாடுறார் எண்டோ?

நான் முதல்லை இருந்து சொல்லுறன், அப்பதான் உங்களுக்கு விளங்கும். எங்கடை பக்கத்து வீட்டிலை ஒரு மராட்டிச் சோடி. பாட்கர் எண்டு பேர். ரெண்டு பேருக்கும் எழுபது தாண்டியிட்டுது. மனுசி சுலபா. நான் சுலபாதாயி எண்டு கூப்பிடுறன், தாயி எண்டால் அவையளுக்கு அக்காவாம். ரெண்டு பேருக்கும் இங்கிலிஷ் குட்மோர்னிங்கோடை சரி. மகன் லீட்ஸிலை வேலை, மாசத்துக்கு ஒருக்கா வருவான். அவனிட்டைக் கேக்கலாம்தான், ஆனால் அந்தப் பிள்ளையிட்டை என்னெண்டு கேக்கிறது? வெக்கமா இருக்காதே?

நான் வேலை செய்யிறது பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையிலை. பகலிலை பார்சல் வந்தால் வாங்க ஆளில்லை. எங்கடை இவர் வீட்டிலைதான். புவனேந்திரன். றிட்டயர் பண்ணி மூண்டு வருசம். ஆனால் பெல் அடிச்சால் எழும்பமாட்டார். காது கேக்கும் தம்பி, கால்தான் கேக்காது. அந்தத் தெருவிலை பகல் முழுக்கக் கதவைத் திறக்கிற ஒரே சீவன் சுலபாதாயிதான். சரி, அவவோடை கதைக்கத்தானே வேணும் எண்டு போனிலை மராட்டி படிக்கத் தொடங்கினன். அறுபத்திரண்டு வயசிலை! பார்சலுக்காக! ஒவ்வொரு நாள் பின்னேரமும் குசினியிலை இருந்து, போனுக்கை படிப்பிக்கிற பொம்பிளை சொல்லச் சொல்ல நானும் சத்தம்போட்டுச் சொல்லிச் சொல்லிப் படிச்சன். இவர் பக்கத்துக் கதிரையிலை பேப்பர் பாத்துக்கொண்டிருப்பார். ஒருநாளாவது 'கெட்டிக்காரி' எண்டு சொன்னவரோ? 'கொஞ்சம் மெல்லமாச் சொல்லும்' எண்டுவார்.

படிச்சுப்போட்டு, நல்ல பிள்ளை மாதிரிப் போய்ச் சொன்னன்: என்ரை பார்சல் வந்தால் 'டேவூன் க்யா'. வைச்சுக்கொள்ளுங்கோ. சரிதானே? எங்கடை பாஷையிலை அப்படித்தானே சொல்லுறனாங்கள்? இதை உங்களிட்டை வைச்சுக்கொள்ளுங்கோ, நான் பின்னேரம் வந்து எடுக்கிறன் எண்டு.

அவ வைச்சுக்கொண்டா!

பார்சல் வந்தது, நான் போனன், அவ சிரிச்சா, நானும் சிரிச்சன், கையிலை ரெண்டு லட்டு தந்தா, நான் வந்திட்டன். பார்சல் என்ரை கைக்கு வரேல்லை. கேக்கவும் ஒரு மாதிரி. அடுத்த கிழமை பஸ் நிக்கிற இடத்திலை ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு நிக்கிறா. நாவல் நிறம், பெரிய பொத்தான். என்ரை கோட்டு! எனக்கே கை காட்டுறா! பிறகு ஒரு புட்டுக்குழல் வந்தது. அதுக்கை பிளாஸ்ரிக் பூ வைச்சு முன் யன்னலிலை அலங்காரம் பண்ணியிருந்தா. பிறகு ஒரு சோடி செருப்பு. அது அவவுக்குச் சின்னன், பாவம், விரலை மடக்கிப் போட்டுக்கொண்டு நடந்தா. நான் குடுத்த பரிசெல்லோ எண்டு!

நீங்கள் தலையாட்டுறீங்கள், உங்களுக்கு விளங்கியிட்டுது. ஓம், 'க்யா' எண்டால் எடுங்கோ, 'த்யா' எண்டால் குடுங்கோ. டேவூன் த்யா எண்டால் எடுத்து ஒரு பக்கத்திலை வையுங்கோ. டேவூன் க்யா எண்டால் உங்களுக்கே உங்களுக்கு. செய்யிற வேலை ஒண்டுதான் தம்பி, ஆனால் அது ஆருக்காகச் செய்யிறது எண்டதை வாலிலை கட்டி விடுறாங்கள். எங்களிட்டையும் இருக்குத்தான். சமைச்சுக் குடுத்தன், சமைச்சுக்கொண்டன். ஆனால் நாங்கள் 'வைச்சுக்கொள்ளுங்கோ' எண்டு ரெண்டுக்கும் சொல்லி, முகத்தைப் பாத்து விளங்கிக்கொள்ளுவம். அவையள் முகத்தைப் பாக்கிறேல்லை, வாலைப் பாக்கினம்.

இதைச் சுலபாதாயிதான் எனக்குக் காட்டித் தந்தவ. குசினியிலை என்னை இருத்தி வைச்சுப்போட்டு ஒரு தேத்தண்ணி போட்டா. 'கரூன் கேத்லா', தனக்குப் போட்டதாம், எண்டு சொல்லித் தானே குடிச்சா. முழுக்க! நான் வாயைப் பாத்துக்கொண்டிருக்கிறன். பிறகு இன்னொண்டு போட்டு, 'கரூன் தில்லா', எனக்குப் போட்டதாம், எண்டு என்ரை கையிலை தந்தா. அப்பதான் எனக்குக் கோட்டும் விளங்கினது, குழலும் விளங்கினது. அவவுக்கும் விளங்கியிட்டுது. கோட்டைக் கழட்டித் தரப் பாத்தா. நான் வேண்டாம் எண்டிட்டன். அவவுக்குத்தான் வடிவு.

எங்கை விட்டனான்? ம், இவர்.

கனடாவிலை என்ரை தமக்கையின்ரை மகளுக்குக் கலியாணம். வாணி எண்டு. ரெண்டு கிழமை நான் தனியப் போறன். இவர் வரேல்லை, குளிராம். லண்டனிலை என்ன வெயிலே அடிக்குது? தனிய விட்டால் இவருக்குத் தண்ணி சுடவைக்கத் தெரியாது. அதாலை போற நாள் காலமை இவரையும் கூட்டிக்கொண்டு, அவரின்ரை குளிசைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னன். 'ஹ்யான்னா டேவூன் க்யா.' இவரை வைச்சுக்கொள்ளுங்கோ. அவையளும் புருசனுக்குப் பேர் சொல்லுறேல்லைத் தம்பி, எங்களைப் போலை இவர் எண்டுதான் சொல்லுறது.

அவ என்ன செய்தா தெரியுமோ? உள்ளுக்குப் போய் ஒரு தேங்காயும் பிளவுஸ் துண்டும் கொண்டு வந்து என்ரை மடியிலை வைச்சுக் குங்குமம் பூசி விட்டா. மனுசனுக்கு ரசீது தந்த மாதிரி!

திரும்பி வாறன், வீடு குளிர்ந்துபோய்க் கிடக்குது. வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்தால், இவர் அங்கை படுக்கை விரிப்பு காயப்போடுறார். கொடியிலை! மூலையை இழுத்து, சுருக்கம் எடுத்து! முப்பத்தஞ்சு வருசம் தம்பி, என்ரை வீட்டிலை அந்த மனுசன் ஒரு கைலேஞ்சி காயப்போட்டதில்லை. அங்கை சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுறார். கொத்தமல்லி நுள்ளுறார். பின்னேரத்திலை பாட்கரோடை கரம். தோத்தால் மராட்டியிலை கத்துறார். சுலபாதாயி எல்லாருக்கும் சொல்லுறாவாம், நீலா தந்தவ எண்டு. அவவுக்கு ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறார், ரெண்டாவது என்னத்துக்கு?

ஒன்பது கிழமை! குளிசை முடிஞ்சால் நான் வேலிக்கு மேலாலை பெட்டியை நீட்டுறன், அவ வாங்குறா. புதன்கிழமையிலை இவர் வருவார். முன்னாலை நிக்கிற எங்கடை குப்பைத் தொட்டியை ரோட்டுக்கு இழுத்து விட்டிட்டு, திரும்ப அங்கை போவார். நான் யன்னல் சீலைக்குப் பின்னாலை நிண்டு பாத்துக்கொண்டு நிப்பன். அவரும் இஞ்சை பாக்கமாட்டார், நானும் கூப்பிடமாட்டன். எல்லாம் அந்த ஒரு எழுத்தாலை. அந்தப் போன்காரி ஒழுங்காப் படிப்பிச்சிருந்தால்...

என்ன கேட்டனீங்கள்?

தேத்தண்ணி போட்டு விளங்கப்படுத்தினது எப்ப எண்டோ? அது... அது கொஞ்சம் முந்தி. பஸ் அசையுது போலை... இல்லை, முன்னாலை நிக்கிற வான்தான் அசையுது.

கனடாவுக்குப் போறதுக்கு முந்தித்தான். ஒரு மாசம் முந்தி.

அப்படிப் பாக்காதேங்கோ. சரி, சொல்லுறன். தெரிஞ்சுதான் சொன்னன். க்யாவும் தெரியும், த்யாவும் தெரியும், ரெண்டுக்கும் போனிலை பத்துக்குப் பத்து எடுத்தனான். சுலபாதாயிக்கே நம்ப ஏலேல்லை. கையைத் தன்ரை நெஞ்சிலை வைச்சு 'க்யா?' எண்டு கேட்டா, பிறகு கையை வெளியாலை நீட்டி 'த்யா?' எண்டு கேட்டா. நான் 'க்யா!' எண்டன். ரெண்டாந்தரமும் கேட்டா. 'க்யா, க்யா!' எண்டன்.

ஏனெண்டால், போறதுக்கு முதல்நாள் முழுக்க நிண்டு சமைச்சுப் பதினாலு பெட்டி கட்டி, ஒவ்வொண்டிலையும் கிழமை எழுதி ஒட்டி, குளிர்பெட்டிக்கை அடுக்கி வைச்சன். கால் ரெண்டும் வீங்கியிட்டுது. பறக்கப்போறவள் நான், பெட்டி கட்டுறது இவருக்கு. இவர் வந்து குளிர்பெட்டியைத் திறந்து பாத்தார். மூடினார். 'எல்லாம் கத்தரிக்காயோ?' எண்டார்.

அவ்வளவுதான் தம்பி. அடிக்கேல்லை, ஏசேல்லை. கத்தரிக்காயோ எண்டார். முப்பத்தஞ்சு வருசம் சமைச்சுக் குடுத்தன், தோய்ச்சுக் குடுத்தன், பத்திரம் நிரப்பிக் குடுத்தன், அவர் மறந்த பேரெல்லாம் ஞாபகப்படுத்திக் குடுத்தன். எனக்கெண்டு ஒண்டு செய்துகொண்டனோ எண்டு யோசிச்சுப் பாத்தன். ஒரு கோட்டு வாங்கினன். அதையும் பக்கத்து வீட்டுக்காரி போடுறா. பிளேனிலை ஏறினபோது எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ? பொய் சொல்லமாட்டன். வந்தும் ரெண்டு கிழமை சந்தோசமாத்தான் இருந்தன். கட்டில் முழுக்க எனக்கு. கத்தரிக்காயே வாங்கேல்லை.

மூண்டாம் கிழமை அரிசி போடேக்கை, என்ரை கை ரெண்டு பேருக்கெண்டு ரெண்டு சுண்டு போட்டிட்டுது. அதைப் பாத்துக்கொண்டு நிண்டு அழுதன்.

சுலபாதாயியிலை பிழை இல்லை. நான் திரும்பி வந்த அண்டைக்கே அவ இவரைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தவ. நான் கதவு திறக்கேல்லை. காது கேட்டது... எனக்கும் கால்தான் கேக்கேல்லை. இப்ப அவ அனுப்பினாலும் இவர் வாறாரில்லை. ஏன் எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை. போன கிழமைதான், குப்பைத் தொட்டி இழுக்கேக்கை அவரின்ரை முகத்தைப் பாத்து விளங்கினது. நான் அந்தப் பாடத்தைச் சத்தம்போட்டுப் படிக்கேக்கை பேப்பர் பாத்துக்கொண்டு இருந்தவர் ஆர்? எனக்கு முந்தி அவருக்கு அது பாடமாகியிட்டுது. நான் க்யா எண்டு சொல்லேக்கை குளிசைப் பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலைதானே நிண்டவர். அந்த மனுசனுக்கு எல்லாம் விளங்கினது தம்பி.

அதாலை அந்த முதல் வசனம் வேண்டாம். திருப்பித் தாங்கோ எண்டு அவவைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. இவரிட்டைச் சொல்லுற மாதிரி ஒண்டு எழுதுங்கோ. மன்னிப்பு எண்டெல்லாம் பெரிசா வேண்டாம். வரட்டாம் எண்டு. இந்தாங்கோ, இந்தத் துண்டிலை எழுதுங்கோ. பேனை இருக்கோ?

'கரீ யா'... கறியோ? ஐயோ, சாப்பாட்டுக் கதை எடுக்காதேங்கோ, அதாலைதான்... ஓ. கர். கர் எண்டால் வீடு. அது முதலாம் பாடம். யா எண்டால் வாங்கோ. வீட்டுக்கு வாங்கோ.

க்யா எங்கை? த்யா? ஒண்டும் இல்லையே. ஆருக்காக எண்டு ஒரு வாலும் இல்லை. இவ்வளவுதானோ? ரெண்டு சொல்லோ?

என்ன சொல்லுறீங்கள்? தமிழிலையே சொல்லலாமே எண்டோ?

சொல்லலாம்தான். அவர் சாவகச்சேரி ஆள், அவருக்குத் தமிழ் தெரியாதே? 'வீட்டை வாங்கோ.' ஒரு நிமிசம் செல்லாது. ஒன்பது கிழமையா நான் அதைச் சொல்லேல்லை. எனக்குப் பயம் தம்பி. மராட்டியிலை கேட்டு அவர் வரமாட்டன் எண்டு மராட்டியிலை சொன்னால், எனக்கு விளங்கேல்லை எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பி வந்திடலாம். தமிழிலை கேட்டால் தமிழிலை சொல்லுவார். விளங்கிப்போடுமெல்லோ?

நான் எழும்புறன். அந்தத் துண்டு உங்களிட்டையே இருக்கட்டும், தமிழிலையே கேக்கிறன். அந்தப் பொத்தானை ஒருக்கா அமத்துங்கோ. இல்லை, ஸ்ரொப் வரேல்லைத்தான். டிரைவரிட்டைக் கேக்கிறன், நடுரோட்டிலை எண்டாலும் கதவைத் திறக்கச்சொல்லி. இந்த பஸ் இப்ப போகாது, நான் நடந்து போறன். கிட்டத்தான். இப்ப போகாட்டில் நான் போகமாட்டன்.