தலைவரின் அனுமதி

ஒரு மனிதரை நாற்காலியில் நேராக உட்கார வைப்பது பார்க்கிற அளவுக்குச் சுலபமில்லை, இன்ஸ்பெக்டர் ஸாகேப். இடுப்பைச் சரிசெய்தால் தோள் சரிகிறது. தோளை நிமிர்த்தினால் தலை தொங்குகிறது. திரைக்கு அந்தப் பக்கம் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஜனம் மொத்தமும் கைதட்டி அவசரப்படுத்துகிறது. நானோ பொன்னாடையால் கவிஞர் பிரம்மநாயகத்தை நாற்காலி முதுகோடு சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்தேன்.

மைக் செட் ஹனீப் பாய் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, தலைவர எதுக்குவே கட்டுதீரு?"

"மெட்ராஸிலேருந்து ரயில்ல வந்த அலுப்பு பாய். தூங்கிட்டார்."

"மேடையில தூங்குத தலைவர பாத்திருக்கேன். மேடைக்கு முந்தியே தூங்குத தலைவர இன்னிக்குத்தான் பாக்கேன்!" சிரித்துக்கொண்டே ஆம்ப்ளிஃபயரிடம் போய்விட்டார்.

நடந்தது இதுதான். எங்கள் கலை இலக்கிய விழாவின் கவியரங்கத்துக்குத் தலைமை தாங்க வந்தவர், மேடைக்குப் பின்னால் காபி குடிக்கும்போது நெஞ்சைப் பிடித்தார், சாய்ந்தார். கூப்பிட்டேன், பதில் இல்லை. ஆள் போய்விட்டார் என்று முடிவு செய்தேன். நாடி பார்த்தாயா என்கிறீர்கள். நான் இன்ஷ்யூரன்ஸ் கிளார்க். செத்தவர்களின் காகிதத்தைத்தான் எனக்குப் பார்க்கத் தெரியும்.

டாக்டர் வெங்கடேஸ்வரன் முன்வரிசையில் இருந்தார், வாஸ்தவம். கூப்பிட்டால் வந்திருப்பார். வந்தால் விழா ரத்து. விழா ரத்தானால் என் கவிதை என்னாவது? அறுபத்தைந்தில் யுத்தம், இருட்டடிப்பு என்று விழாவே நடக்கவில்லை. போன வருடம் மழையில் ரயில் நின்று ரத்து. மூன்றாவது தடவையும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்றால் எந்தக் கவிஞன் போவான்?

கவியரங்கத்தில் ஒரு மரபு உண்டு. ஒவ்வொரு கவிஞனும் தலைவரைப் பாட்டிலேயே வாழ்த்தி, படிக்க அனுமதி கேட்பான். தலைவர் தலையசைப்பார். அதற்காகத்தான் நாற்காலியைப் பின்திரையோடு ஒட்டிப் போட்டேன். தையல் விட்ட இடத்தில் கையை நுழைத்துப் பிடரியில் இரண்டு விரலால் தள்ளினேன். அடடா, உயிரோடிருந்தபோதுகூட அவர் அவ்வளவு கம்பீரமாகத் தலையசைத்ததில்லை. கண்ணில் புரை எடுத்ததற்குப் போட்ட கறுப்புக் கண்ணாடி வேறு கைகொடுத்தது.

முலுண்ட் நம்பிராஜன், "இமையாது எமைக் காக்கும் ஏந்தலே" என்று தொடங்கினார். தள்ளினேன். கொட்டகை அதிர்ந்தது. அம்பர்நாத் செண்பகவல்லி டீச்சர், "புயலுக்கும் அசையாத பொதிகையே" என்றார். சிரிப்பை அடக்கத் துண்டைக் கடித்துக்கொண்டு, தாளத்துக்கு இரண்டு தரம் தள்ளிவிட்டேன்.

"பாருங்கவே, தலைவரு அப்படியே சொக்கிப் போயிட்டாரு!" என்று ஹனீப் பாய் கத்தினார்.

மாலை மேல் மாலை விழுந்தது. "தலைவரு பேச மாட்டாராய்யா?" என்று ஒரு குரல். "முடிவுரையில் பேசுவார்" என்று உள்ளிருந்தே மைக்கில் அறிவித்தேன். அதற்கும் கைதட்டல். என் ஆயுசில் அப்படி ஒரு சாயங்காலம் வாய்த்ததில்லை, ஸாகேப். காலே தரையில் பாவவில்லை.

கடைசியில் என் முறை. வெளியே வந்து, தலைவரை வாழ்த்தி, அனுமதி கேட்டேன். தலையசைந்தது. படித்தேன். "ஒன்ஸ்மோர்!" மறுபடி படித்தேன். மறுபடியும் ஒன்ஸ்மோர். மூன்று வருடத்துத் தாகம் தீர்ந்தது. உங்களுக்குத் தமிழ் தெரிந்தது நல்லதாகப் போயிற்று. வேண்டுமானால் இப்போதே சொல்லிக் காட்டுகிறேன். வேண்டாமா? சரி.

நான் மைக் முன்னால் நிற்கும்போது, பின்னாலிருந்து தலையைத் தள்ளியது யார் என்கிறீர்கள். காலையிலிருந்து நீங்கள் கேட்டதில் இதுதான் சரியான கேள்வி.

யாரும் தள்ளவில்லை.

அனுமதி கேட்டு முடித்த பிறகுதான் திரைக்குப் பின்னால் ஆளில்லை என்பது எனக்கே உறைத்தது. வியர்த்துப் போய்த் திரும்பினேன். தலை தானாக அசைந்தது. மாலைகளுக்கு நடுவே உதடும் அசைந்தது. பொன்னாடைக்கு அடியில் விரல்கள் முடிச்சைத் தேடின. "டாக்டர்" என்றார், மைக்குக்கு எட்டாத குரல். எனக்கு எட்டியது. டாக்டர் வெங்கடேஸ்வரன் எதிரிலேயே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். நான் மைக்கை என் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு முதல் வரியைத் தொடங்கினேன். கடைசி ஒன்ஸ்மோர் முடிந்து திரும்பியபோது தலை தொங்கியிருந்தது.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கெல்லாம் தலையசைத்தது என் விரல்கள். பிரம்மநாயகம் தானாக அனுமதி கொடுத்தது என் கவிதைக்கு மட்டும்தான்.