மூன்று சுற்று

கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு, அணைந்ததா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். காக்க வைத்ததற்கு மன்னியுங்கள் சார். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் லேசாக ஆடும். உங்களோடு வந்த பெண் போலீஸ் உள்ளறையில் என் மகளோடு பேசிக்கொண்டிருக்கட்டும். நாம் இங்கே பேசுவோம்.

முப்பது வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். எதையும் மூன்று முறை பார்த்தால்தான் மனசு ஆறும். பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டு, திரும்பி வந்து மறுபடி இழுப்பேன். என் மகள் எனக்கு வைத்த பெயர் செக்கிங் இன்ஸ்பெக்டர். இப்போது நிஜ இன்ஸ்பெக்டரே வந்திருக்கிறீர்கள். பழைய நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

பயம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. அவள் அம்மா ஒருநாள் காலையில் வேலைக்குப் பஸ் ஏறிப் போனாள். அந்தப் பஸ் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு மகள் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் வாசலை மறித்து நிற்பேன்.

கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை அவள் வாங்கியதே என் பயத்தைப் போக்கத்தான். திரையில் ஒரு ஷெட், தரையெல்லாம் உதிரி பாகங்கள். ஒவ்வொன்றாகப் பொருத்தி ஒரு காரை உருவாக்கி ஓட்ட வேண்டும். "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுட்டா பயம் போயிடும்ப்பா" என்றாள்.

இன்ஜினுக்கே ஒரு மழைக்காலம் போய்விட்டது. கிராங்க் ஷாஃப்டை இறக்கி, நாலு பிஸ்டனை வைத்து, கேஸ்கெட் போட்டு, ஹெட்டை மூடி, கடைசியாக அடியில் ஆயில் தொட்டி. பாகத்தை வைப்பது அவள், போல்ட் முறுக்குவது நான். சரியான ஸ்பானரை எடுத்து மவுஸ் சக்கரத்தை உருட்டினால் போல்ட் சுற்றும். எட்டுச் சுற்று. எட்டாவதில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். இனி இது கழலாது என்று யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கும்.

ஒரு தடவை போன் அடித்ததில், ஆயில் தொட்டியின் அடிப் போல்ட்டை ஐந்தாவது சுற்றிலேயே விட்டுவிட்டேன். கார் வெகுதூரம் நன்றாகத்தான் ஓடியது. வழியெல்லாம் ஆயில் ஒழுகி, இன்ஜின் இறுகி, ஒரு வயலோரம் நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. திரையில் இருந்த ஆள் நடந்தே வீடு வந்து சேர்ந்தான்.

"செக்கிங் இன்ஸ்பெக்டரே கோட்டை விட்டுட்டாரே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவன் பத்திரமாக வீட்டுக்கு வந்துவிட்டான் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. ஆறு மணி நேரப் பயணம். பழைய கார் ஒன்றை வாங்கி, தனியாக ஓட்டிக்கொண்டுதான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ரயிலில் போம்மா என்று கெஞ்சினேன்.

"நான் என்ன பாப்பாவாப்பா? இன்ஜினையே பிரிச்சு மாட்டுவேன்."

"அது விளையாட்டும்மா."

"தெரியுதுல்ல? நீதான் அதுக்கே வேர்த்துக் கொட்டுற."

கிளம்பும் காலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். ஒரு பழைய துண்டை விரித்துக் காருக்கு அடியில் படுத்தேன். போல்ட் எங்கே இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு சுற்றாக எண்ணினேன். மூன்று சுற்றுத் தளர்த்தினேன், எட்டில் ஐந்து மிச்சம். வண்டி எங்காவது ஓரமாக நிற்கும், எனக்குப் போன் வரும், போய் அழைத்து வருவேன், இனி கார் வேண்டாம் என்று அவளே சொல்லிவிடுவாள். நான் நினைத்தது அவ்வளவுதான் சார்.

நினைத்தபடியே போன் வந்தது. ஆனால் வண்டி நின்றது வயலோரத்தில் இல்லை, ஒரு நீளமான பாலத்தின் நடுவில்.

"அப்பா, ஆயில் லைட் எரிஞ்சுது, ஓரம் கட்டலாம்னு பார்த்தா ஓரமே இல்ல. வண்டி நின்னுடுச்சு. பின்னாடி லாரி லாரியா வருது, பயமா இருக்குப்பா. இறங்கி நடந்து போயிடட்டுமா?"

இறங்கினால் யாராவது லிஃப்ட் கொடுப்பார்கள். அதில் ஏறி அந்த ஊருக்கே போய்விடுவாள். அந்த நிமிடத்தில் எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

"இறங்காதம்மா. அப்படியே உக்காரு. அப்பா வர்றேன்" என்றேன்.

அன்றைக்குத்தான் என் பேச்சைக் கேட்டாள். லாரி இடித்ததில் இடுப்பும் இரண்டு கால்களும் முறிந்துவிட்டன. உயிருக்கு ஆபத்தில்லை. எட்டு மாதமாக உள்ளறையில் படுத்திருக்கிறாள். தலை வாரிவிடுகிறேன், ஊட்டிவிடுகிறேன். எப்போது கதவைத் திறந்தாலும் இருக்கிறாள். மறைப்பானேன், இந்த எட்டு மாதமும் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன வாரம், புதிதாக ஓர் இன்ஜின் கட்டலாம்ப்பா என்று அவளே கேட்டாள். ஆயில் தொட்டியின் அடிப் போல்ட்டுக்கு வந்ததும் என் விரல் ஐந்தில் தானாக நின்றுவிட்டது. 'டிக்' வரவில்லை.

"அஞ்சுலயே விட்டுட்டியேப்பா."

"மறந்துட்டேம்மா."

"நீயா?"

அவ்வளவுதான் கேட்டாள். காரில் அடிப் போல்ட்டைக் காணோம் என்று மெக்கானிக் அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தானாம். பழைய வண்டி, தானாகக் கழன்றிருக்கும் என்று விட்டுவிட்டார்களாம். அன்றிலிருந்து என் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. நான் உள்ளே போனால் போர்வையை இழுத்துக்கொள்கிறாள். என் மகள் என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் சார். அதுதான் தாங்க முடியவில்லை. உங்களுக்குப் போன் செய்தது அவள்தானே?

ஆமாம், அந்தப் போல்ட்டைத் தளர்த்தியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நேற்று டாக்டர், பிடித்துக்கொண்டு நடக்க ஒரு வாக்கர் கொடுத்தனுப்பினார். நாலு கால், நாலு போல்ட். ஒரே மாதத்தில் தனியாக நடந்துவிடுவாள் என்றார். நடந்தால் மறுபடி கிளம்பிப் போய்விடுவாளே. அவள் தூங்கும்போது வாக்கரின் இடதுபக்க முன்கால் போல்ட்டில் மட்டும் கை வைத்தேன். மூன்று சுற்றுதான். கட்டிலை ஒட்டித்தான் நிறுத்தியிருக்கிறேன், விழுந்தாலும் மெத்தையில்தான் விழுவாள்.

டொக் டொக்கென்று சத்தம் கேட்கிறதே. அந்தப் பெண் போலீஸ் அவளை எழுப்பி நடக்க வைக்கிறாரா? கட்டிலைத் தாண்டிவிட்டாள் போலிருக்கிறதே. சார், சீக்கிரம் உள்ளே போங்கள். நடக்க வேண்டாம், அப்படியே உட்காரச் சொல்லுங்கள். அப்பா வருகிறேன் என்று சொல்லுங்கள், கேட்பாள்.