ஒரு சாண் தூரமும் உடையப்பனின் கேம் பெட்டியும்

போட்ட மாலையைக் கழற்ற மனமின்றித் தலைமையேற்று வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் ஆண்டியப்பன் அவர்களே! முன்வரிசைப் பெரியவர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அணிதிரண்டு வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! வல்லத்திராக்கோட்டையின் வாலிப வேங்கைகளே! மூன்றாவது நாற்காலியில் முகத்தை மூடிக்கொண்டிருக்கும் என் கணவர் உடையப்பன் அவர்களே! செவந்தியின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

சிரிக்காதீர்கள், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

என் மகள் ஹரிணி நாளை கபடிப் பயிற்சி முகாமுக்குப் புறப்படுகிறாள்; அவளை வழியனுப்பத்தான் இந்தக் கூட்டம். அவள் போகலாமா, கூடாதா என்று முடிவு செய்தது யார்? தேர்வுக் குழுவா? இல்லை, அவர்கள் முன்பே அழைத்துவிட்டார்கள். என் கணவரா? பாதிதான். மீதிப் பாதி, அவர் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த, டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி, கேம் கன்சோல்!

“பொம்பளப்புள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்பணும்னா, அவ ஆடுறத என் கண்ணால பாக்கணும். பாத்துட்டுத்தான் சொல்லுவேன்” என்றார். மாநில இறுதிப்போட்டியோ சென்னையில். ஒளிபரப்போ ஒரு செயலியில். எங்கள் டிவியோ செயலி என்றால் என்னவென்றே அறியாத பழைய டிவி. கைபேசியில் பார்க்கலாமே என்கிறீர்களா? அதற்குக் கண்ணாடி போட வேண்டும். போட்டால் இவருக்கு வயது தெரிந்துவிடுமாம்!

கார் ஓட்டி விளையாட மட்டுமே இவர் வைத்திருந்த பெட்டிக்குள் ஒரு கடை இருக்கிறது, படம் காட்டும் செயலிகளை அதில் இறக்கிக்கொள்ளலாம் என்று நான் கண்டுபிடித்தேன். இறக்கினேன். டிவியில் ஒரு குறியீடு தோன்றியது. அதைக் கைபேசியில் அடித்தால் கணக்கு திறக்கும். நான் அடிப்பதற்குள் இவர் துண்டை விரித்து டிவியை மூடிவிட்டார்! “ஓடிபிய யாருக்கும் காட்டக்கூடாதுன்னு பேங்குல சொல்லியிருக்காகள்ல?” கட்டிய மனைவிக்குமா? குறியீடு காலாவதியானது. துண்டைப் பறித்துக்கொண்டு புதுக் குறியீடு வாங்கினேன்.

ஆட்டம் தொடங்கியது. படம் முழுதாக வருவதில்லை ஐயா, துண்டு துண்டாக வருகிறது. சில துண்டுகளை முன்கூட்டியே சேர்த்துவைத்துக்கொண்டுதான் பெட்டி காட்டுகிறது. இணையம் மெலிந்தால் படத்தை மங்கலாக்கி ஓட்டத்தைக் காப்பாற்றுகிறது. ஹரிணி மங்கிய போதெல்லாம் இவர் எழுந்து போய் டிவியைத் துடைத்தார்.

கடைசி நிமிடம். ஒரே ஒரு புள்ளி பின்னடைவு. ஹரிணி ரைடு போகிறாள். திரை இருண்டது! பெட்டி சூடேறி அணைந்துவிட்டது. ஏன் சூடு? முந்தின நாள் ஆயுத பூஜை. டிராக்டருக்குப் பூசிய கையோடு பெட்டிக்கும் பூசியிருக்கிறார். காற்றுப் போகும் துளையெல்லாம் சந்தனம், மேலே கதம்ப மாலை!

வேட்டி முனையால் வழித்தார், ஊசியால் குத்தினார், முறத்தால் விசிறினார். அதற்குள் தெருவுக்கே முடிவு தெரிந்துவிட்டது. பக்கத்து மளிகைக்கடை தாஜுதீன் அண்ணன் தொங்கிய முகத்தோடு உள்ளே வந்தார்.

“உடையப்பண்ணே, நம்ம புள்ள...”

“வாயத் தொறக்காதய்யா! எங்க வீட்டுல இன்னும் ஆட்டம் முடியல. உக்காரு!”

பெட்டி குளிர்ந்தது. விட்ட இடத்திலிருந்தே ஆட்டம் தொடர்ந்தது. முடிந்து கால் மணி நேரமான ஆட்டத்துக்கு இவர் கத்துகிறார்: “அங்கிட்டுப் போகாத, இங்கிட்டுத் திரும்பு! தாவு ஆத்தா, தாவு!” ஹரிணி இருவரைத் தொட்டாள். மூவர் அவள் காலைப் பிடித்தார்கள். இழுத்தாள், எம்பினாள், நீண்டாள். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னே அவள் விரல் நின்றுவிட்டது. தோற்றோம்.

முகாம் போச்சு என்றே நினைத்தேன். இவர் குனிந்து, தரையில் விரலை விரித்து ஒரு சாண் அளந்தார். கண் கலங்கிவிட்டது.

“ஏய் செவந்தி, இம்புட்டுத்தானே? முகாமுக்குப் போனா இந்த ஒரு சாண் வந்துரும்ல?”

தட்டுங்கள், நன்றாகக் கை தட்டுங்கள்! தாய்மார்களே, எத்தனை பெண்கள் கோட்டுக்கு ஒரு சாண் முன்னே நிற்கிறார்கள்? திறமை இல்லாமலா? தெம்பு இல்லாமலா? பாசம் பாசம் என்று பூசிப் பூசி, அவர்கள் மூச்சுவிடும் துளையை நாமே அடைத்துவிட்டோம். வழித்துவிடுங்கள்! இன்றே வழித்துவிடுங்கள்!

ஹரிணி, அந்த ஒரு சாணோடு திரும்பி வா. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், மேடையில் வைத்து மானத்தை வாங்கியும் எழுந்து போகாத என் கணவருக்கும் நன்றி. வருகிற ஆயுத பூஜைக்குப் பெட்டிக்கு ஒரே ஒரு பொட்டு போதுங்க! வணக்கம்.